முதல் ஆல்பத்தின் நிழலா? ஸ்டீவி ரே வானின் இரண்டாவது ஆல்பம் பற்றி

கேள்வியின் சுருக்கம்: மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நால்வர் சேர்ந்த குழு. கோயில் மண்டபக் கல்யாண விருந்துகளில் வாசிப்பவர்கள். அமெரிக்க புளூஸ் கிட்டார் கலைஞர் ஸ்டீவி ரே வானின் இரண்டாவது ஆல்பமான ‘கூடன்ட் ஸ்டாண்ட் த வெதர்’ பற்றி அவர்களுக்குள் மூன்று பேச்சு. மூத்தவர், “முதல் ஆல்பத்தின் நிழல், கால்வாசிகூட இல்லை” என்கிறார். பேஸ் வாசிப்பவர், “ஹெண்ட்ரிக்ஸின் வூடூ சைல்டைக் காப்பி அடித்துவிட்டு ஆல்பம் என்று விற்றிருக்கிறார்” என்கிறார். கேள்வி கேட்ட தம்பிக்கோ ‘டின் பான் ஆலி’ என்ற பாட்டைத் தவிர மற்ற எதுவும் மனத்தில் ஒட்டவில்லை. யார் சொல்வது சரி, இதிலிருந்து எதை மேடைக்கு எடுக்கலாம் என்பதுதான் கேள்வி.

தம்பி, மூன்று பேருமே கிட்டார் சோலோவை மட்டும் வைத்துத்தான் தீர்ப்புச் சொல்கிறீர்கள். இந்த ஆல்பத்தின் சரக்கு சோலோவில் குறைவு, தாளத்தில் அதிகம். வானின் வலது கையையும், டாமி ஷானனின் பேஸையும், கிறிஸ் லேட்டனின் டிரம்ஸையும் சேர்த்துக் கேட்டால் இந்தச் சண்டையில் பாதி அடங்கிவிடும். மீதிப் பாதி நியாயமான சண்டை, அது இருக்கட்டும்.

முதலில் மூத்தவர் சொன்னதை எடுத்துக்கொள்வோம். முதல் ஆல்பமான ‘டெக்சஸ் ஃப்ளட்’ 1983இல் வந்தது. 1982 நவம்பரில், ஜாக்சன் பிரவுன் தன் லாஸ் ஏஞ்சலஸ் ஸ்டுடியோவை இலவசமாகக் கொடுத்ததால் மூன்றே நாளில் பதிவானது. மேடையில் பல வருடமாக வாசித்துத் தேய்ந்த பாட்டுகளை அப்படியே ஒலிநாடாவில் இறக்கினார்கள். அதில் 10 பாட்டு. அவற்றில் 6இல் வானின் சொந்தக் கை இருக்கிறது. இரண்டாவது ஆல்பம் 1984 மே மாதம் வந்தது. பதிவு அந்த வருட ஜனவரியில், நியூயார்க் பவர் ஸ்டேஷன் ஸ்டுடியோவில். அங்கே அவர் புதியவரும் அல்லர். டேவிட் போவியின் ‘லெட்ஸ் டான்ஸ்’ ஆல்பத்துக்கு 1982 இறுதியில் வாசித்ததும் அதே ஸ்டுடியோதான். இதில் 8 பாட்டு, அவற்றில் 4தான் சொந்தம். ஒரு வருடத்தில் அடுத்த ஆல்பம் என்று வந்து நிற்கும்போது கையிருப்பு குறைந்திருந்தது என்பது கண்கூடு. இந்த அளவுக்கு மூத்தவர் சொல்வது சரி.

ஆனால் “சின்ன ஆல்பம், ஏமாற்றிவிட்டார்” என்று சிலர் சொல்வது கணக்குக்கு நிற்காது. இரண்டுமே 38 நிமிடத்தை ஒட்டித்தான் ஓடுகின்றன. பாட்டு குறைந்தது, ஆனால் இரண்டு பாட்டு நீண்டது: ‘வூடூ சைல்ட்’ 8 நிமிடம், ‘டின் பான் ஆலி’ 9 நிமிடத்துக்கு மேல். கேசட் காலத்தில் கேட்டவர்களுக்கு இது இன்னும் உறைத்திருக்கும். ஏ பக்கம் ‘வூடூ சைல்ட்’டோடு முடியும், பி பக்கம் ‘கோல்ட் ஷாட்’டில் தொடங்கும். பி பக்கத்தின் கடைசி இரண்டு பாட்டும் சேர்ந்தே ஐந்தரை நிமிடம்தான். ‘டின் பான் ஆலி’ முடிந்து மனசு கனத்துக் கிடக்கும்போது ‘ஹனி பீ’ துள்ளிக்கொண்டு வரும். அடுத்து ஜாஸ் நடையில் ‘ஸ்டாங்ஸ் ஸ்வாங்’. அந்தக் கடைசிப் பாட்டில் டிரம்ஸ்கூட லேட்டன் அல்லர், ஃபிரான் கிறிஸ்டினா. ஸ்டான் ஹாரிசனின் சாக்ஸபோனும் உண்டு. வேறு ஒரு ஆல்பத்திலிருந்து தவறி விழுந்தது போல இருக்கிறது என்று பலர் குறைப்படுவது இதனால்தான். பாட்டு மோசமில்லை, வைத்த இடம்தான் மோசம் என்பது என் கணிப்பு.

பேஸ் வாசிப்பவர் சொன்னது கொஞ்சம் சிக்கலானது. ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் அந்தப் பாட்டைப் பதிவு செய்தது 1968இல், நீளம் ஐந்து நிமிடத்துக்குச் சற்று மேல். வான் அதன் தொடக்கத்தை, காலால் மிதித்து ஒலியைப் பேசவைக்கும் அந்த வா-வா பெடலின் முணுமுணுப்பு உட்பட, ஏறக்குறைய வரிக்கு வரி எடுத்திருக்கிறார். அந்தப் பகுதியை மட்டும் கேட்டால் காப்பி என்று சொல்வதில் தப்பில்லை. பாட்டு பாதியைத் தாண்டிய பிறகு கவனியுங்கள். ஹெண்ட்ரிக்ஸிடம் கிட்டார் பறந்துபோய் பேஸும் டிரம்ஸும் பின்னால் துரத்தும். வானிடம் மூன்று பேரும் ஒரே வண்டியில் உட்கார்ந்திருக்கிறார்கள். கிட்டார் எவ்வளவு கத்தினாலும் ஷானனின் பேஸ் தரையை விடாது. பேஸ் வாசிக்கும் ஒருவர் இதைக் கவனிக்காமல் விட்டது எனக்கு ஆச்சரியம். ஒருவேளை போன் ஸ்பீக்கரில் கேட்டிருப்பார்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இவர்கள் எல்லாக் கம்பியையும் அரை ஸ்வரம் இறக்கி, இ-ஃப்ளாட்டில் வாசிக்கிறார்கள். அப்படி இறக்கிய பேஸின் தடித்த கம்பி சுமார் 39 ஹெர்ட்ஸில் அதிரும். போன் ஸ்பீக்கரில் அது வரவே வராது. சின்ன புளூடூத் ஸ்பீக்கரிலும் அதன் மேல் அதிர்வுகள்தான் வரும். கீழ்ப்பகுதி போய்விட்டால் இந்த ஆல்பத்தில் மிச்சம் இருப்பது கிட்டாரின் உச்சி மட்டும். உடனே “மெலிசா இருக்கு, முதல் ஆல்பம் மாதிரி கனமில்லை” என்ற தீர்ப்பு வரும். தகரக் கூரையில் மாலை மழை விழும்போது கேட்டால் அதுவும் போகும். மூடிய ஹெட்போன் ஒன்று போதும், விலை உயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை.

கேட்கும் வரிசையும் முக்கியம். 1999இல் வந்த மறுவெளியீட்டில் ஒரு பேட்டித் துண்டும் ‘ஹைட் அவே’, ‘லுக் அட் லிட்டில் சிஸ்டர்’ போன்ற நான்கு பாட்டுகளும் பின்னால் சேர்க்கப்பட்டன. 2010இல் இரட்டை டிஸ்க் பதிப்பு வந்தது. இரண்டாவது டிஸ்க்கில் 1984 ஆகஸ்ட் 17 மான்ட்ரியல் கச்சேரி. ஆன்லைனில் கிடைப்பது பெரும்பாலும் இப்படிக் கூட்டிச் சேர்த்ததுதான். முதல் 8 பாட்டோடு நிறுத்திக் கேளுங்கள், பிறகு ஒருநாள் இடைவெளி விட்டு மீதியைக் கேளுங்கள். இல்லையென்றால் எதை ஆல்பம் என்று திட்டுகிறோம் என்பதே குழம்பிப்போகும். மான்ட்ரியல் டிஸ்க்கை மட்டும் யாரும் தவறவிட வேண்டாம்.

இப்போது தாளத்துக்கு வருகிறேன். தலைப்புப் பாட்டின் தொடக்கம் மெதுவாக, தாளக்கட்டு இல்லாமல் அலையும். பிறகு ஒரு வெட்டு விழுந்து ஃபங்க் ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் ஒரு சின்ன வரி, கிளம்பும். கிட்டாரும் பேஸும் ஒரே வரியைச் சேர்ந்து வாசிப்பார்கள். இடையிடையே மொத்தக் குழுவும் சட்டென்று நிற்கும். இரண்டாவது கிட்டார் அண்ணன் ஜிம்மி வான், ‘த திங்ஸ் தட் ஐ யூஸ்ட் டு டூ’விலும் அவர்தான். நம் சொற்கட்டில் சொன்னால் இது ‘தகதிமி’. ஒவ்வொரு அடிக்கும் நான்கு, அதில் பாதிக்கு மேல் ஒலி இல்லாத தட்டு. வலது கை நிற்கவே கூடாது. இடது கை கம்பியை லேசாகத் தொட்டு அமுக்கி வைத்திருக்கும், வேண்டிய இடத்தில் மட்டும் அழுத்தும். புதிதாக வாசிப்பவர்கள் எல்லோரும் செய்யும் தப்பு, ஒலி வேண்டாத இடத்தில் வலது கையை நிறுத்திவிடுவது. கை நின்றால் அடுத்த தட்டு தாமதமாகும், மூன்றாவது சுற்றில் டிரம்ஸோடு சண்டை வரும்.

‘கோல்ட் ஷாட்’ வேறு கதை. டபிள்யூ. சி. கிளார்க்கும் மைக்கேல் கிண்ட்ரெட்டும் எழுதியது. இது ‘தகிட’ நடை, நடு எழுத்தை விழுங்கிய ‘த–ட, த–ட’. உருமி மேளம் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டாம். திருவிழா ஊர்வலத்தில் கால் தானாக ஆடும் அதே மூன்றின் ஆட்டம். வித்தியாசம் என்னவென்றால் உருமி முன்னால் தள்ளும், ‘கோல்ட் ஷாட்’ பின்னால் சாயும். அடி விழ வேண்டிய இடத்துக்கு ஒரு மயிரிழை பின்னால் கிட்டார் வரும். வேகம் குறைவதில்லை, சோம்பல் மட்டும் கூடுகிறது. தாளம் தட்டும் மெட்ரோனோமை வைத்து முதலில் அதன் மேலேயே வாசியுங்கள், பிறகு அதை முன்னால் விட்டுவிட்டு வாசியுங்கள். இதைப் பழக ஒரு மாதம் ஆகும். சோலோ பழகுவது இதைவிட லேசு.

அந்தப் பாட்டில் கிட்டார் தண்ணீரில் ஆடுவது போலக் கேட்பதற்குக் காரணம் ஃபெண்டர் வைப்ராடோன் என்ற பெட்டி. உள்ளே 10 அங்குல ஸ்பீக்கர், அதன் முன்னால் சுழலும் ஒரு தக்கை உருளை. ஒலி சுழன்று வெளியே வரும். அந்தப் பெட்டியைத் தேடி அலைய வேண்டாம். ரோட்டரி வகைப் பெடல் ஒன்று போதும். ஆழத்தைப் பாதிக்குக் கீழே வைத்து, சுழலும் வேகத்தைப் பதிவோடு ஒட்டிக் காதால் பொருத்துங்கள். ஆழம் கூடினால் மண்டபத்தில் சுருதி விலகியது போலவே கேட்கும், முன் வரிசையில் இருக்கும் பெரியவர் உங்களைத்தான் முறைப்பார்.

‘டின் பான் ஆலி’ உச்சம் என்ற உங்கள் கருத்தோடு எனக்குச் சண்டை இல்லை. பாப் கெடின்ஸ் எழுதியது. ஜிம்மி வில்சன் 1953இல் பதிவு செய்த பழைய பாட்டு. ஒலிக்கருவி ஆர்வலர்கள் ஸ்பீக்கரைச் சோதிக்க இந்தப் பதிவைப் போடுவதும் சும்மா இல்லை. கிசுகிசுப்புக்கும் கத்தலுக்கும் இடையே அவ்வளவு தூரம் இருக்கிறது. ஆனால் அந்தத் தூரத்தை உண்டாக்குவது யார் என்று பாருங்கள். வான் குரலை இறக்கும்போது லேட்டனும் ஷானனும் அவரைவிடக் கீழே இறங்குகிறார்கள். அதனால்தான் ஒற்றை ஸ்வரம் அடித்தாலும் அறை அதிர்கிறது. நீங்கள் விரும்புவதும் குழுவைத்தான், கிட்டாரை மட்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். 1985இல் வந்த அடுத்த ஆல்பத்தில் கீபோர்டுக்கு ரீஸ் வைனன்ஸ் சேர்ந்துவிட்டார். மூவர் குழுவாக ஸ்டுடியோவில் பதிவு செய்ததில் இதுதான் கடைசி. குழுவின் ஒலி அதற்குப் பிறகு வேறு மாதிரி ஆகிவிட்டது.

மேடைக்கு எது? கல்யாண விருந்தில் ‘டின் பான் ஆலி’ வேண்டாம். ஒன்பது நிமிட மெதுப் பாட்டு, மூன்றாவது நிமிடத்தில் ரசம் கேட்கும் சத்தம் உங்களைத் தாண்டிப்போகும். ‘வூடூ சைல்ட்’டும் வேண்டாம், பேஸ் வாசிப்பவர் மனம் மாறிய பிறகு பார்த்துக்கொள்ளலாம். ‘கோல்ட் ஷாட்’, தலைப்புப் பாட்டு இரண்டும் நான்கைந்து நிமிடம், ஆட ஆள் வரும். ‘ஸ்கட்டில் பட்டின்’ இரண்டு நிமிடம்கூட இல்லை. மாப்பிள்ளையும் பெண்ணும் வாசலிலிருந்து மேடைக்கு வருவதற்குள் முடிந்துவிடும். ஆனால் திறந்த கம்பிகளும் அழுத்திய கம்பிகளும் மாறி மாறி வரும் வேகப் பாட்டு அது. மெட்ரோனோமில் 80இல் தொடங்கி, பிசகில்லாமல் ஐந்து தடவை வந்தால் மட்டும் 4 கூட்டுங்கள். பிசகினால் 8 குறையுங்கள். வேகத்தை இழுத்து ஏற்றினால் வலது கை மணிக்கட்டு இறுகும், இறுகிய கை ஒரு நாளும் வேகம் பிடிக்காது.

அடுத்து கம்பி. வான் 0.013 அங்குலத்தில் தொடங்கி 0.058இல் முடியும் தடித்த செட்டைக் கட்டினார் என்பது எல்லோருக்கும் தெரியும். அதைப் பார்த்து இங்கே பிள்ளைகளும் 13 செட் வாங்கி விரலைப் புண்ணாக்கிக்கொள்கிறார்கள். அரை ஸ்வரம் இறக்கினால் கம்பியின் இறுக்கம் சுமார் 11 சதவீதம் குறைகிறது. அதாவது இ-ஃப்ளாட்டில் 13 கம்பி, சாதாரண சுருதியில் 12க்குச் சற்று மேல் இருக்கும் கனம்தான். இப்போது நீங்கள் 10 செட் வாசிப்பவர் என்றால், இ-ஃப்ளாட்டில் 11 செட் கட்டுங்கள். கைக்கு ஏறக்குறைய அதே இறுக்கம், ஒலியில் கொஞ்சம் தசை கூடும். அதற்கு மேல் போக அவசரம் வேண்டாம். அவருடைய விரல் நுனி கிழிந்தபோது பசை போட்டு ஒட்டி வாசித்ததாகப் பேசிக்கொள்வார்கள். அதைப் பின்பற்றாதீர்கள்.

10 செட்டை மாற்றாமல் சுருதியை மட்டும் இறக்கினால் இரண்டு கோளாறு வரும். இறுக்கம் குறைந்ததால் கழுத்து நிமிர்ந்துவிடும், முதல் ஐந்து ஃப்ரெட்டில் கம்பி உரசிச் சலசலக்கும். ஸ்ட்ராட் வகைக் கிட்டாரில் பின்னாலிருக்கும் ஸ்பிரிங் ஜெயித்து, பிரிட்ஜ் உடம்போடு படிந்துவிடும். கம்பி இன்னும் தாழும். முதலில் பின்மூடியைக் கழற்றி ஸ்பிரிங் பிடித்திருக்கும் இரண்டு திருகையும் அரைச் சுற்று தளர்த்துங்கள், சுருதி சேருங்கள், பாருங்கள். பிறகு கழுத்து: முதல் ஃப்ரெட்டில் காப்போ (கம்பிகளை அமுக்கும் கவ்வி) போட்டு, கடைசி ஃப்ரெட்டில் கம்பியை அழுத்தி, ஏழாவது ஃப்ரெட்டின் மேல் இடைவெளி பாருங்கள். கால் மில்லிமீட்டர், ஒரு கல்யாண அழைப்பிதழ் அட்டையின் தடிமன் அளவு இருக்க வேண்டும். ஒட்டியே கிடந்தால் கழுத்துக்குள் இருக்கும் டிரஸ் ராட் என்ற உலோகக் கம்பியைக் கடிகாரத்துக்கு எதிர்ப்புறம் கால் சுற்று. ஒரே நாளில் அதற்கு மேல் திருகக் கூடாது, மரம் நிதானமாகத்தான் இடம் மாறும். மாறாக 11 செட்டுக்குப் போனால், கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் நட்டின் பள்ளத்தில் கம்பி சிக்கும். இழுத்து விட்டதும் சுருதி இறங்கி நிற்பதும், திருகும்போது ‘டிக்’ என்று சத்தம் வருவதும் அதன் அடையாளம். பள்ளத்தில் பென்சில் கரியைத் தேய்த்துப் பாருங்கள். தீரவில்லை என்றால் அளவான அரம் வைத்திருப்பவரிடம் கொடுங்கள், ரம்பத்தால் நீங்களே அறுக்க வேண்டாம்.

நம் ஊர் ஈரம் வேறு. நிக்கல் கம்பி இங்கே சீக்கிரம் கறுக்கும். வாசித்து முடித்ததும் கம்பியின் அடிப்பக்கத்தையும் சேர்த்து உலர்ந்த துணியால் துடையுங்கள். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் போடுங்கள். மழைக்காலத்தில் கழுத்து உப்பி கம்பி உயர்வதும், குளிர்சாதன அறையில் வைத்தால் மறுபடி இறங்குவதும் நடக்கும். கச்சேரிக்கு இரண்டு நாள் முன்னால் கிட்டாரை மண்டபத்தைப் போன்ற இடத்தில் வைத்துவிட்டு அப்புறம் சரிசெய்யுங்கள்.

ஆம்ப், பெடல் விஷயத்தில் பெரும்பாலும் தலைகீழாகச் செய்கிறார்கள். வான் டியூப் ஸ்க்ரீமர் என்ற ஓவர்டிரைவ் பெடலைப் பயன்படுத்தியது கரகரப்புக்காக இல்லை, ஏற்கெனவே சத்தமாக இருக்கும் ஆம்பை இன்னும் தள்ளுவதற்காக. பெடலில் டிரைவ் குறைவு, லெவல் அதிகம். கடிகார முள்ளாகச் சொன்னால் டிரைவ் 9 மணி, டோன் 12, லெவல் 3. ஆம்ப் பலமாக அடித்தால் மட்டும் லேசாக உடையும் நிலையில் இருக்க வேண்டும். டிரைவை ஏற்றிவிட்டால் ‘தகதிமி’யின் ஒலியில்லாத் தட்டெல்லாம் ஒரே இரைச்சலாகக் குழைந்துவிடும். ‘கோல்ட் ஷாட்’டின் சோம்பலும் சேர்ந்து போகும்.

கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்அப் ஒற்றைச் சுருளாக இருந்தால் மண்டபத்தில் இரையும். குழல் விளக்கும் ஜெனரேட்டரும் அருகில் இருந்தால் அதிகமாக இரையும். நின்ற இடத்திலேயே மெல்லத் திரும்பிப் பாருங்கள், ஏதோ ஒரு கோணத்தில் இரைச்சல் பாதியாகும். மேடையில் அந்த இடத்தில் நாடா ஒட்டிக்கொள்ளுங்கள். பாடும் மைக்கும் கிட்டார் ஆம்பும் வெவ்வேறு மின் இணைப்பில் இருந்தால் உதடு மைக்கில் படும்போது ஷாக் அடிக்கும். இரண்டையும் எர்த் உள்ள ஒரே இணைப்பில் செருகுங்கள். இரைச்சல் குறையட்டும் என்று எர்த் கம்பியை அறுப்பவரை மேடைக்கே விடாதீர்கள். அமெரிக்காவிலிருந்து வந்த பழைய ஆம்ப் யாராவது கொடுத்தால் அது 120 வோல்ட். நம் சுவரில் வருவது 230க்கு மேல். பின்பக்கம் எழுதியிருக்கும் வாட்டைப் பார்த்து அதைவிட ஒன்றரை மடங்கு தாங்கும் டிரான்ஸ்ஃபார்மர் வாங்குங்கள்.

ஒத்திகையின் முதல் நாள் கிட்டாரை எடுக்காதீர்கள். டிரம்ஸ், பேஸ் இருவரையும் தலைப்புப் பாட்டின் அந்த நிறுத்தங்களை மட்டும் அரை மணி நேரம் வாசிக்கச் சொல்லிவிட்டு, நீங்களும் மூத்தவரும் எதிரே உட்கார்ந்து கையால் ‘தகதிமி’ போடுங்கள். நிறுத்தத்துக்குப் பிறகு முதல் அடி நால்வருக்கும் ஒரே இடத்தில் விழுந்தால் அடுத்த நாள் கிட்டாரைக் கொண்டு வரலாம்.